குழலை வெட்டினாலே குற்றம்! துப்பாக்கிச் சட்டம் நமக்கு என்ன சொல்கிறது?

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறை. ராத்திரி ஷிப்டு முடியப் போகிற நேரம். தெரிந்த முகம் ஒன்று, சாக்கில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறது.

"தம்பி, பழைய பைப்புதான். இந்த இடத்துல அறுத்து, முனையை மட்டும் கொஞ்சம் தேய்ச்சுக் குடு. ஐந்நூறு ரூபா வாங்கிக்க."

சாக்கைப் பிரித்தால் உள்ளே இருப்பது ஒரு பழைய துப்பாக்கியின் குழல். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிட வேலை. செய்து கொடுக்கலாமா?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் லேத், டிரில்லிங், வெல்டிங் தெரிந்த கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஊர் ஓசூர். ஒரு பக்கம் தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை காடுகள். இன்னொரு பக்கம் ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம். தொழிற்பேட்டை, காடு, மாநில எல்லை என மூன்றும் அருகருகே இருக்கும் இந்தப் பகுதியில், துப்பாக்கிச் சட்டம் 'நமக்கு எதுக்கு' என்று தள்ளிவிடக்கூடிய விஷயம் இல்லை.

நேரடியாகப் பதில்: செய்து கொடுக்கக் கூடாது. அந்த ஐந்து நிமிட வேலைக்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை, குறைந்தது 7 ஆண்டுச் சிறை. அதிகபட்சம் ஆயுள். ஏன் இவ்வளவு கடுமை? படித்துப் பாருங்கள்.

ஒரு வெட்டு, ஒரு தனிக் குற்றம்

இந்தியாவில் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்துவது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். செய்தித்தாள்களில் 'படைக்கலச் சட்டம்' என்று வருவதும் இதுதான். இதன் நடைமுறை விவரங்கள் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் இருக்கின்றன.

சட்டத்தின் 3-ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது என்கிறது. இது பலருக்கும் தெரியும். 5-ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது, விற்பது, பழுது பார்ப்பது எல்லாவற்றையும் தடுக்கிறது. இதுவும் ஓரளவுக்குத் தெரிந்ததே.

நடுவில் இருக்கும் 6-ஆவது பிரிவுதான் பலர் கேள்விப்படாதது. துப்பாக்கியின் குழலை நீளம் குறைப்பதையும், பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதையும் இந்தப் பிரிவு உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது. 2019-இல் வந்த திருத்தம், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் இதில் சேர்த்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துப்பாக்கி உரிமம் பெற்றதாகவே இருக்கட்டும். அதன் சொந்தக்காரரே நேரில் வந்து கேட்கட்டும். குழலை வெட்ட வேண்டும் என்றால் அதற்கென்று தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் என்பது குழலை அறுப்பதற்கான லைசென்ஸ் அல்ல.

2019 திருத்தத்துக்கு முன், இந்தக் குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. திருத்தம் 2019 டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின், குறைந்தபட்சமே 7 ஆண்டு. அதற்கு மேல் ஆயுள் வரை போகலாம். அபராதமும் உண்டு. உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரித்தாலும் விற்றாலும் இதே தண்டனைதான். வெட்டச் சொன்னவர் மட்டுமல்ல, வெட்டியவரும் இந்தப் பிரிவுக்குள் வருவார்.

ஒரு முழமும் கொஞ்சமும்

குழலின் நீளத்தில் அப்படி என்ன இருக்கிறது?

தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து எரியும்போது வாயுவாக மாறி வேகமாக விரிகிறது. அந்த வாயு குண்டைக் குழல் வழியே தள்ளிக்கொண்டு போகிறது. குழல் நீளமாக இருந்தால் தள்ளும் நேரம் அதிகம். குண்டுக்கு வேகம் கூடுகிறது, குறியும் ஓரளவு நேராக இருக்கிறது. குழலைக் குறைத்தால் வேகம் குறையும். குறி பார்ப்பது கடினமாகும். வாயில் கிளம்பும் நெருப்பும் சத்தமும் கூடும்.

அப்படியென்றால் குட்டைக் குழல் மோசமான கருவிதானே, அதை ஏன் சட்டம் இவ்வளவு பயத்தோடு பார்க்கிறது?

காரணம், அதை மறைக்க முடியும். நாலடி நீளத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் தெருவில் நடந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். அதையே பாதியாக அறுத்தால் பையில், சட்டைக்குள், வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். பயிர்க் காவலுக்கோ விளையாட்டுக்கோ அப்படி ஒரு துப்பாக்கி தேவையில்லை. தெரியாமல் கொண்டுபோய், பக்கத்தில் நின்று சுடுவதற்குத்தான் அது பயன்படும்.

அதனால்தான் நம் சட்டம் ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது: 20 அங்குலம். சென்டிமீட்டரில் 50.8. நம் ஊர்க் கணக்கில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட.

குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும் துப்பாக்கிகளுக்கு இந்த அளவு பொருந்தும். குருவி, முயல் சுடும் ரவைத் துப்பாக்கி, 12 போர் துப்பாக்கி எல்லாம் இந்த ரகம். அவற்றின் குழல் 20 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால், தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ உரிமம் கேட்கலாம் என்று சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. 20 அங்குலத்துக்குக் கீழே போனால் கதை வேறு. ஆயுத விதிகள் அதை முதல் வகைக்குக் கொண்டுபோய்விடுகின்றன. தானாகவே தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கி போன்ற தடை செய்யப்பட்ட ஆயுதங்கள் இருக்கும் அதே வகை.

அதாவது, நேற்றுவரை சாதாரணத் துப்பாக்கியாக இருந்தது, ஒரு ஹாக்சா பிளேடு ஓடி முடித்ததும் மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள ஆயுதமாகிவிடுகிறது.

நீளம் பார்ப்பது துப்பாக்கிக்கு மட்டுமல்ல. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளையும் விதிகள் ஆயுதப் பட்டியலில் ஐந்தாம் வகையில் வைத்திருக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவை அதில் சேராது. எனவே வயலுக்குக் கொண்டுபோகும் அரிவாளுக்குப் பயப்பட வேண்டாம்.

சரி, கைத்துப்பாக்கிக்கு என்ன அளவு?

பிஸ்டலும் ரிவால்வரும் பிறவியிலேயே குட்டைக் குழல் உள்ளவைதானே, அவற்றுக்கும் 20 அங்குலக் கணக்கு உண்டா என்று கேட்கலாம். கிடையாது.

கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரை நம் விதிகள் முக்கியமாகப் பார்ப்பது குழலின் நீளத்தை அல்ல, அது எந்தத் தோட்டாவைச் சுடும் என்பதை. ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. போன்ற தோட்டாக்களைச் சுடக்கூடிய பிஸ்டலும் ரிவால்வரும் முதல் வகையில் வரும். அவற்றுக்குப் பொதுமக்கள் சாதாரணமாக உரிமம் பெற முடியாது. மற்ற பிஸ்டல், ரிவால்வர்கள் மூன்றாம் வகை. இவற்றுக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

நம் நாட்டில் உரிமம் உள்ளவர்கள் கையில் .32 போர் ரிவால்வர் அதிகம் இருப்பதற்கு இதுதான் காரணம். 2014-இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற பெயரில் ஒரு சிறிய ரிவால்வரைப் பெண்களை மனதில் வைத்து அறிமுகப்படுத்தியது. எடை சுமார் 500 கிராம். அதுவும் .32 போர்தான். கைப்பையில் அடங்கும் அளவு என்பதால் உரிம விதிகளில் அதற்கு எந்தச் சலுகையும் இல்லை.

மற்ற நாடுகள் நீளத்தை எப்படிப் பார்க்கின்றன?

கனடாவில் 105 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவான குழல் உள்ள கைத்துப்பாக்கி தடை செய்யப்பட்ட வகை. நாலு அங்குலத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். 2022 அக்டோபரில் அந்த நாடு கைத்துப்பாக்கி விற்பனையையே முடக்கியது.

பிரிட்டனில் 1996-இல் டன்பிளேன் என்ற ஊரின் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே சட்டம் மாறியது. குழல் 30 செ.மீ.க்குக் குறைவாகவோ மொத்த நீளம் 60 செ.மீ.க்குக் குறைவாகவோ இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, தடை. நடைமுறையில் கைத்துப்பாக்கிகள் எல்லாமே அதில் அடங்கிவிட்டன.

துப்பாக்கி தாராளமாகக் கிடைக்கும் அமெரிக்காவில்கூட, 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ஷாட்கன்னைத் தனியாகப் பதிவு செய்தாக வேண்டும்.

அளவுகள் நாட்டுக்கு நாடு வேறு. எண்ணம் ஒன்றுதான்: எளிதில் மறைக்க முடிகிற துப்பாக்கியின் மீது கண் அதிகம் இருக்க வேண்டும்.

காட்டோரத்துக் கதை: நாட்டுத் துப்பாக்கி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் துப்பாக்கி என்றதும் பிஸ்டலைவிட முதலில் நினைவுக்கு வருவது நாட்டுத் துப்பாக்கிதான். குழலின் வாய் வழியாக மருந்தையும் ரவையையும் போட்டு, கம்பியால் கெட்டித்துச் சுடுவது. தளி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கக் கிராமங்களில் 'அப்பா வெச்சிருந்தது', 'பரண்ல கெடந்தது' என்று இன்னமும் சில இருக்கலாம்.

இந்தக் காடுகள் சாதாரணக் காடுகள் அல்ல. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் இங்கே இருக்கிறது. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தின் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் ஜவளகிரி, தளி வழியாக வந்து போகும் பாதையும் இதுதான். ராகி விளைந்து நிற்கும்போது யானையும் காட்டுப்பன்றியும் வயலில் இறங்கினால் விவசாயிக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சட்டமும் அதை மறக்கவில்லை. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய் வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க முடியும். 13-ஆவது பிரிவிலேயே இதற்கு இடம் இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி, எவ்வளவு பழையதாக இருந்தாலும், சட்டவிரோதம்தான். 'யாரையும் சுடலை, சும்மா வெச்சிருந்தேன்' என்றாலும் வழக்கு உண்டு. இனி பயன்படுத்தவே முடியாத அளவுக்குப் பழுதான பழம்பொருளுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுப் பரணில் இருப்பது அந்த ரகமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டாம்.

இரண்டு, துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதால் வன விலங்கைச் சுட அனுமதி வந்துவிடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனி. காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் முடிவு ஒன்றை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால், வனத்துறையினர் சுடலாம். கவனியுங்கள், வனத்துறையினர். விவசாயி தானே துப்பாக்கி எடுக்க இதில் அனுமதி இல்லை. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுப்பதே சரியான வழி.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முறையான தொழிற்சாலையில் செய்த துப்பாக்கியின் குழல், அழுத்தத்தைத் தாங்குமா என்று சோதித்த பிறகே வெளியே வரும். நாட்டுத் துப்பாக்கிக்கு அந்தச் சோதனை இல்லை. குழல் வெடித்தால் முதலில் போவது சுடுபவரின் கையும் கண்ணும்தான்.

உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக முன்வந்து ஒப்படைக்கச் சொல்லி, இந்த மாவட்டத்தில் காவல்துறையும் வனத்துறையும் அழைப்பு விடுத்து வருகின்றன. மக்கள் ஒப்படைத்தும் இருக்கிறார்கள். அருணாச்சலப் பிரதேசத்திலும் 2021-இல் ஏர்கன்களை ஒப்படைக்கும் இயக்கம் ஒன்று தொடங்கியது. அங்கே காட்டுப் பறவைகளைக் காப்பாற்ற மக்களே துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

உங்கள் ஊரில் அப்படி அறிவிப்பு வரும்போது தயங்காதீர்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால், கிராம நிர்வாக அலுவலர் அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். சட்ட ஆலோசனை வேண்டுமென்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். இலவசச் சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.

அத்திப்பள்ளி தாண்டும் முன்...

ஓசூரில் குடியிருந்து பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். காலையில் போய் மாலையில் திரும்பும் நமக்கு மாநில எல்லை என்பது ஒரு டிராபிக் ஜாம், அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அது நிஜமான எல்லை.

ஒவ்வொரு உரிமத்திலும் அது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். மாவட்டத்துக்கு மட்டுமா, மாநிலம் முழுமைக்குமா, நாடு முழுமைக்குமா என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் உரிமத்தோடு ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தால், அங்கே அது உரிமம் இல்லாத துப்பாக்கி. 'ரெண்டு கிலோமீட்டர்தானே சார்' என்ற பதில் அங்கே எடுபடாது. கர்நாடகத்திலிருந்து இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

தொழிற்சாலைகளுக்கும் இது பொருந்தும். காவலாளி சொந்த ஊரில் உரிமம் வாங்கிய துப்பாக்கியோடு இங்கே வேலைக்கு வந்திருக்கலாம். அந்த உரிமம் இங்கே செல்லுமா, முகவரி மாற்றம் தெரிவிக்கப்பட்டிருக்கிறதா என்று வேலைக்கு எடுக்கும் முன்பே பாருங்கள். ஒருவர் பெயரில் உள்ள துப்பாக்கியை, உரிமத்தில் பெயர் சேர்க்காத இன்னொருவர் கையில் கொடுத்து 'ராத்திரி மட்டும் நீ பாத்துக்கோ' என்று சொல்வது தவறு.

தேர்தல் நேரத்தில் இன்னும் கவனம் தேவை. நடத்தை விதிகள் வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க உத்தரவு வரலாம். உத்தரவு வந்தால் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் தேர்தல் இல்லாவிட்டாலும், கர்நாடகத்தில் தேர்தல் என்றால் எல்லையில் சோதனை கடுமையாகத்தான் இருக்கும்.

உரிமம் கேட்பது எப்படி?

உரிமம் என்பது கேட்டவுடன் கிடைக்கும் சான்றிதழ் அல்ல. ஏன் தேவை என்பதை நீங்கள் விளக்க வேண்டும். சுருக்கமாக நடைமுறை இதுதான்:

1. வயது 21 நிறைந்திருக்க வேண்டும்.

2. தனிநபருக்கான விண்ணப்பம் படிவம் ஏ-1. ஆயுத உரிமங்களுக்கான மத்திய அரசின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு உரிமத்துக்கும் தனி அடையாள எண் உண்டு.

3. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உரிம அதிகாரி மாவட்ட ஆட்சியர். மாநகரக் காவல் ஆணையரகம் உள்ள நகரங்களில் காவல் ஆணையர்.

4. அடையாள, முகவரிச் சான்றுகளோடு, உடல் நலம், மன நலம் பற்றிய மருத்துவச் சான்று வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்றும், வீட்டில் பத்திரமாக வைக்க இடம் இருப்பதற்கான உறுதிமொழியும் கேட்பார்கள்.

5. காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். அறிக்கை கிடைத்த 60 நாட்களுக்குள் உரிம அதிகாரி முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம்.

6. உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். 2019 திருத்தத்துக்கு முன் இது 3 ஆண்டுகளாக இருந்தது. ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள் வைத்திருக்கலாம். முன்பு இது 3.

'பணம் கொடுங்க, ஒரே வாரத்துல லைசென்ஸ்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் 'பிஸ்டல் விற்பனைக்கு' என்று வரும் செய்திகளும் அப்படித்தான். பணம் போனால் மோசடி, பொருள் வந்தால் குற்றம். இரண்டு வழியிலும் நஷ்டம் உங்களுக்கே. பணம் இழந்தவர்கள் 1930 என்ற சைபர் உதவி எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

*அப்பா இறந்துவிட்டார். அவர் பெயரில் உரிமம் பெற்ற துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. என்ன செய்வது?*

உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. வாரிசு என்பதால் துப்பாக்கி தானாக உங்களுடையதாகாது. பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது பெறுங்கள். சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்லும் வழி இது. அதன்பிறகு, விருப்பமும் தகுதியும் இருந்தால் உங்கள் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். 'அம்மா ஞாபகமா வெச்சுக்கணும்னு சொல்றாங்க' என்று பீரோவில் வைத்துவிடாதீர்கள்.

*நண்பர் ஒரு பையைக் கொடுத்து வைத்துவிட்டுப் போனார். உள்ளே துப்பாக்கி இருந்தால் நானும் குற்றவாளியா?*

'வைத்திருத்தல்' என்றால், தெரிந்து வைத்திருத்தல். 1972-இல் குன்வந்த்லால் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது. பொருள் கையில் இல்லாவிட்டாலும், அது உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் அதுவும் வைத்திருத்தல்தான். எனவே, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த நிமிடமே காவல்துறைக்குச் சொல்லுங்கள். தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தால், 'எனக்குத் தெரியாது' என்று பிறகு சொல்ல முடியாது.

*ஆன்லைனில் ஏர்கன் வாங்கலாமா?*

4.5 மி.மீ. போருக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. இதில் எதைத் தாண்டினாலும் உரிமம் வேண்டும். வாங்கும் முன் இந்த இரண்டு எண்களையும் பெட்டியில் பாருங்கள். உரிமம் தேவையில்லை என்பதற்காகக் கொக்கையும் மயிலையும் சுடக் கூடாது. அது வன உயிரினச் சட்டப்படி குற்றம்.

*துப்பாக்கி சுடும் விளையாட்டில் சேர ஆசை. அதற்கும் லைசென்ஸ் வேண்டுமா?*

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் பிரிவில் சுட்டது ஏர் பிஸ்டலில். தொடக்கப் பயிற்சி பெரும்பாலும் ஏர் பிஸ்டல், ஏர் ரைஃபிளில்தான் இருக்கும். அங்கீகாரம் பெற்ற கிளப்பில் சேர்ந்து, பயிற்சியாளர் முன்னிலையில் கற்றுக்கொள்ளுங்கள். நீளக் கணக்கு விளையாட்டிலும் உண்டு. 25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் குழல் 153 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது.

*கல்யாணத்தில் மேலே பார்த்து ஒரு வேட்டு போட்டு ரீல்ஸ் எடுத்தால்?*

மேலே போன குண்டு கீழே வரும். கொண்டாட்டத்துக்காகச் சுட்டு, மற்றவர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்துவது 2019 முதல் தனிக் குற்றம். 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரீல்ஸ் வைரல் ஆனால், சாட்சியமும் நீங்களே கொடுத்ததாகிவிடும்.

*பொம்மைத் துப்பாக்கிதானே, அதில் என்ன?*

விளையாடுவதில் ஒன்றுமில்லை. ஆனால் கைதைத் தடுப்பதற்காகப் பொம்மைத் துப்பாக்கியைக் காட்டினாலும் 7 ஆண்டு வரை சிறை உண்டு என்கிறது சட்டம். அதை நிஜத் துப்பாக்கியாக மாற்றினால், முன்பு பார்த்த அதே 6-ஆவது பிரிவு.

மறுபடியும் அந்தப் பட்டறைக்கு

இப்போது அந்த லேத் தம்பியிடம் திரும்புவோம். அவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில், 'முடியாதுங்க' என்று சொல்ல வேண்டும். அந்தப் பொருளைப் பட்டறையில் 'நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்' என்று வைத்துவிட்டுப் போகவும் விடக் கூடாது. வந்தவரோடு சண்டை போட வேண்டாம். அவர் போன பிறகு, முதலாளியிடம் சொல்லிவிட்டு, 100 அல்லது 112-க்கு அழைக்கலாம். நேரிலும் காவல் நிலையத்தில் சொல்லலாம்.

பட்டறை முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. வரைபடம் இல்லாமல், பில் வேண்டாம் என்று சொல்லி, வேலை நேரம் முடிந்த பிறகு வரும் 'பைப்' வேலைகளை எடுக்க வேண்டாம் என்று உங்கள் பையன்களுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். இங்கே மெஷினில் நிற்பவர்களில் பலர் இருபது வயதுக்காரர்கள். ஐ.டி.ஐ. முடித்து, முதல் சம்பளம் வாங்கி, வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருப்பவர்கள். வந்து கேட்பவர் 'ஒரு பைப்பு' என்றுதான் சொல்வார். அது துப்பாக்கிக் குழல் என்றும், அதை வெட்டினால் 7 ஆண்டு என்றும் அவர் சொல்ல மாட்டார். அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டுரையை உங்கள் பட்டறை வாட்ஸ்அப் குரூப்பில் ஒருமுறை பகிருங்கள். ஐந்நூறு ரூபாய்க்காக ஒரு பையன் ஏழு வருஷத்தை இழக்காமல் இருக்க அது உதவும்.